பட்டாணி மாவு என்று நான் சொன்னது

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட ஒரு மனிதரிடம் முட்டைப் பொடியைக் கொடுத்துப் பட்டாணி மாவு என்று பொய் சொன்னவன் நான். அவர் முட்டையைத் தொடாதவர் என்பது எனக்குத் தெரியும். ஏன் தொடுவதில்லை என்பதும் தெரியும். தெரிந்தே செய்தேன், செய்துவிட்டு நாலு வாரம் என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன். பொடியைக் கொண்டுபோன எவர்சில்வர் டப்பா ஏதோ தூரத்துச் சொந்தத்தின் கல்யாணத்தில் கொடுத்தது. மூடியில் மணமக்கள் பெயர் பொறித்திருக்கும். என் மனைவி அதை ஒரு மாதம் தேடினாள். "டப்பாவுக்குக் காலு மொளச்சிருச்சா?" என்று அவள் கேட்டபோது நானும் அவளோடு சேர்ந்து பரணைத் துழாவினேன். புத்தகம் படிக்கிற மனிதனுக்கு நடிப்பும் கொஞ்சம் வரும்.

அவரை நாங்கள் லேப் சார் என்றுதான் கூப்பிடுவோம். நாமக்கல்லை ஒட்டிய ஒரு கோழித்தீவன ஆலையில் நான் கொள்முதல் பார்த்தேன். அவர் பரிசோதனைக்கூடம் பார்த்தார். வடக்கேயிருந்து சோயாப் புண்ணாக்கு லாரி லாரியாக வரும். ஒவ்வொரு லாரியிலும் அவரே ஏறி, குத்தூசியால் மேல் மூட்டை, நடு மூட்டை, அடி மூட்டை என்று குத்தி மாதிரி எடுப்பார். அவர் கையெழுத்து விழாமல் ஒரு மூட்டை உள்ளே இறங்காது. புரத அளவு கூடுதலாகக் காட்டட்டும் என்று யூரியாவைக் கலந்து அனுப்புகிற ஆசாமிகள் உண்டு. அவர்கள் சரக்கு எத்தனை பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்தாலும் லேப் சார் குரலை உயர்த்த மாட்டார். ஓட்டுநரைக் கூப்பிட்டு, "வண்டியத் திருப்பிக்கங்க" என்பார். அவ்வளவுதான். நான் அந்த லாரிக்காகப் பேசிப் பேசி விலை குறைத்து வைத்திருப்பேன். மதியச் சாப்பாட்டின்போது அதற்காக அவரிடம் முறுக்கிக்கொண்டு உலக இலக்கியத்திலிருந்து மேற்கோள் காட்டுவேன். அவர் கறிவேப்பிலையை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே கேட்பார். "நல்லாருக்குதுங்க தம்பி. ஆனா புரோட்டீன் கம்மி" என்பார்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் அவருக்குச் சிறுநீரகம் போனது. வாரத்துக்கு மூன்று முறை பக்கத்து நகரத்தின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு மருத்துவமனையில் ரத்தச் சுத்திகரிப்பு. அவருடைய மனைவிக்கு முழங்கால் வலி என்பதால் புதன்கிழமைகளில் நான் துணைக்குப் போவேன். இயந்திரம் ரத்தத்தைக் கழுவும்போது உடம்பிலிருக்கிற புரதமும் கொஞ்சம் கழுவிக்கொண்டு போகிறது என்று அங்கே உணவு ஆலோசனை சொல்கிற பெண் விளக்கினார். போனதை ஈடுகட்டாவிட்டால் தசை கரையும், கால் வீங்கும், சளி பிடித்தால்கூட உடம்பு எழுந்திருக்காது. சரி, எதைச் சாப்பிடலாம்? பருப்பு என்றால் வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுக் கொஞ்சம். பால் அளவோடு. கடலை, முந்திரி வேண்டாம். பன்னீர் எப்போதாவது. இப்படி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து கடைசியில் அந்தப் பெண் முகம் மலர்ந்தார். "நாமக்கல்லா? அப்பறம் என்னங்க ஐயா கவலை! வெள்ளக்கரு நாளுக்கு நாலு சாப்பிடுங்க."

லேப் சார் என்னைப் பார்த்தார். ஊரெல்லாம் கோழிப் பண்ணை, சாலையெல்லாம் முட்டை வண்டி. வாழ்நாள் முழுக்க அந்தக் கோழிகளுக்குத் தீனி சோதித்துக் கொடுத்தவர் சொன்னார்: "முட்டைய விட்டுட்டனுங்க அம்மணி."

விட்ட கதை எனக்குத் தெரியும். அவருடைய ஒரே மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, தாய் பிழைப்பாளா பிள்ளை பிழைக்குமா என்று டாக்டர்கள் கையைப் பிசைந்த நேரத்தில், அறுவை அரங்கின் வாசலில் நின்று கறியையும் முட்டையையும் விடுவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டார். இரண்டு உயிரும் தங்கின. அந்தப் பேத்தி இப்போது கோயமுத்தூரில் கல்லூரிக்குப் போகிறாள். "சாமிக்கு இதெல்லாமா கணக்கு?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "அவன் சரக்குச் சரியாக் குடுத்துட்டானுங்க தம்பி. நான் பேச்சு மாறி, அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எதுக்கு உசுரோட இருக்கோணும்?" என்றார். இதற்கு எந்த இலக்கியத்திலிருந்து மேற்கோள் காட்டுவது?

முட்டை இல்லையென்றதும் ஆலோசனைப் பெண் சோயாவுக்கு வந்தார். மீல் மேக்கர் வாங்கி ஊறவைத்துப் பிழிந்து சமைக்கச் சொன்னார். இரண்டாம் நாளே லேப் சாருக்கு உதடு தடித்து, கண் இடுங்கி, நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது. டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, என்ன வேலை பார்த்தீர்கள் என்பது. முப்பது வருஷம் சுவாசித்த புண்ணாக்குத் தூசியாலேயே ஒவ்வாமை வந்திருக்கலாம் என்று நினைத்தார் அவர். இனி எந்த உருவத்திலும் சோயா கூடாது என்று சொல்லிவிட்டார். லேப் சார் அதற்கும் சிரித்தார். "கேட்டுல நின்னு எத்தன லோடு திருப்புனேன். இப்ப உடம்பு திருப்புது."

சோயா வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகுதான் அது எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரிகிறது. பிஸ்கட்டில் இருக்கிறது. ரொட்டியில் இருக்கிறது. பலதானிய கோதுமை மாவில் பாதித் தானியம் அதுதான். நோயாளிகளுக்கென்று விற்கிற பால் புரதப் பொடி ஒன்றை மருந்துக்கடையில் வாங்கிப் பெருமையாகக் கொண்டுபோனேன். அவர் பழைய பூதக்கண்ணாடியை எடுத்து, டப்பாவின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல இருந்த எழுத்தைப் பத்து நிமிஷம் படித்தார். சோயா லெசிதின். "வண்டியத் திருப்பிக்கங்க." டப்பாவை மீண்டும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஒரு புதன்கிழமை நான் மறுபடி முட்டைப் பேச்சை எடுத்தேன். அவர் கையில் குத்தியிருந்த குழாய்களைப் பார்த்தபடி, "முட்டைங்கறது என்னங்க? ஓடு போட்ட சோயாதானுங்களே! நாம போட்ட தீவனம்தான் மறு ரூபமா வருது" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர்கூடச் சிரித்தார். சிரிக்காதவன் நான் ஒருவன்தான். நான் அதைத் தொழில்நுட்பச் சிக்கலாக எடுத்துக்கொண்டு வீட்டு மொட்டை மாடியில் நாலு கோழி வாங்கி விட்டேன். சோயா இல்லாத தீவனம் என் கையாலேயே: கம்பு, எள்ளுப் புண்ணாக்கு, மேட்டூர் அணை மீனின் கருவாட்டுத் தூள். மாடி முழுக்கக் கருவாட்டு வாடை. பக்கத்து வீட்டுக்காரர் எங்களோடு பேச்சை நிறுத்தினார். இரண்டு மாதம் கழித்து, சோயாவே படாத ஆறு முட்டைகளை ஒரு சின்னக் கூடையில் வைத்து அவர் முன் நீட்டினேன். லேப் சார் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் வெளையாட்டுக்குச் சொன்னனுங்க தம்பி. முட்டை முட்டைதானுங்களே" என்றார். அன்றைக்கு அவர் கை என் கண்ணில் பட்டது. மூட்டையைக் குத்திக் குத்தி முறுக்கேறியிருந்த கை. இப்போது எலும்பின்மேல் தோலைச் சுற்றிவைத்த மாதிரி இருந்தது.

அந்தக் கைதான் என்னைக் கெடுத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் கெடுத்தது, எனக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு. ஒரு மனிதரின் உயிரும் அவருடைய நம்பிக்கையும் எதிரெதிரே நின்றால் உயிர் பக்கம் நிற்பதுதான் அறிவு என்று முடிவு கட்டினேன். வெள்ளைக்கருவைப் பொடியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடத்தில் எனக்கு ஒரு நண்பன் உண்டு. அவனிடம் ஒரு கிலோ வாங்கி, கல்யாண டப்பாவில் கொட்டி, அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "வறுத்த பட்டாணி மாவுங்க அக்கா. தெரிஞ்ச இடத்துல அரைச்சது. தெனமும் ரெண்டு கரண்டி கரைச்சுக் குடுங்க." அக்கா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "செரிங்க தம்பி" என்று உள்ளே எடுத்துப்போனார். அந்த மாதம் ரத்தப் பரிசோதனையில் அல்புமின் என்கிற புரதம் இரண்டு புள்ளி ஒன்பதிலிருந்து மூன்று புள்ளி ஒன்றுக்கு ஏறியிருந்தது. டாக்டரே "பரவாயில்லையே" என்றார். நான் மருத்துவமனை வாசலில் தனியாக நின்று ஒரு காபி குடித்தேன். ஒரு உயிரைக் காப்பாற்றியவன் குடிக்கிற காபி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மறு வாரம் ஆலையிலிருந்து தொலைபேசி. லேப் சாரிடம் தொழில் கற்று இப்போது அவர் இடத்தில் இருக்கிற பெண். "ஏனுங்க சார், நேத்து லேப் சாரப் பாக்கப் போயிருந்தனுங்க. ஒரு சாம்பிள் குடுத்துவிட்டாரு. பட்டாணி மாவுன்னு எழுதிருக்குது. புரோட்டீன் எம்பதுக்கு மேல காட்டுதுங்க! பட்டாணில எங்கீங்க அத்தன வரும்? யூரியா கலந்திருக்குமோன்னு பாத்தேன், இல்ல. சுடுதண்ணில கரைச்சா முட்டப் பொரியலாட்டத் திரியுது. சப்ளையர் பேரு எழுதல. உங்குளுக்குத்தான் எல்லா சப்ளையரும் தெரியுமே, யாருங்க சார் அந்தத் திருடன்?"

"விசாரிக்கிறேம்மா" என்றேன்.

மாதிரி எடுக்காமல் எதையும் உள்ளே விடாத மனிதரோடு இருபது வருஷம் வேலை பார்த்தவன், அவர் வீட்டுக்கே தவறான பெயரில் சரக்கு அனுப்பியிருக்கிறேன். இந்த ஊரில் வேறெவனும் செய்யாத முட்டாள்தனம் இது. பெயர் எழுத வேண்டிய இடத்தை அவர் காலியாக விட்டிருந்தார் என்பதுதான் என்னை அதிகமாக வதைத்தது. அந்தப் புதன்கிழமை படுக்கையில் சாய்ந்தபடி, நாலாக மடித்த ரிப்போர்ட்டை என் சட்டைப் பையில் செருகினார். "வண்டியத் திருப்பிக்கங்க தம்பி" என்றார், லாரிக்காரர்களிடம் சொன்ன அதே குரலில். டப்பா கழுவித் துடைத்து அவருடைய பைக்குள்ளேயே தயாராக இருந்தது. ஒரு வசவு வைதிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அதன் பிறகு நடந்தது, பகுத்தறிவு பேசியே வளர்ந்த எனக்கு அடுக்காத காரியம். பேத்தி சௌக்கியமா என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை ஏதாவது சாக்குச் சொல்லி விசாரிப்பேன். அவளுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. திருச்செங்கோட்டு மலைக்குப் போய், காரில் மேலே போக நல்ல சாலை இருக்கும்போது, தொப்பையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலில் படியேறினேன். குற்றம் என்னுடையது, தண்டனையை எனக்கே கொடு என்று அங்கிருக்கிற முருகன் சந்நிதியில், நான் நம்பாத சாமியிடம் கேட்டேன். முருகன் எனக்கு மூட்டு வலியைக் கொடுத்தான்.

லேப் சார் என்னிடம் எப்போதும்போல மரியாதையாகவே பேசினார். ஆனால் நான் கொண்டுபோன எதையும் வாயில் வைக்கவில்லை. ஆப்பிள் வாங்கிப் போனால் பக்கத்துப் படுக்கைக்குப் போகும். மாற்று என்று சொல்ல எங்களிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. வடித்த பருப்பும் அளந்த பாலுமாக நாள் ஓடியது. அடுத்த பரிசோதனையில் அல்புமின் இறங்கியது. அதற்கடுத்ததில் இன்னும் இறங்கியது. ஆலோசனைப் பெண் ஒவ்வொரு முறையும் "வெள்ளக்கரு..." என்று ஆரம்பிப்பார். இவர் கும்பிடுவார். ஐப்பசி மழையில் பிடித்த சளி நெஞ்சில் இறங்கி, ஒன்பது நாளில் முடிந்துபோனது.

கருமாதி அன்று பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பாத்திரம் எண்ணி வைத்துக்கொண்டிருந்த அக்காவின் எதிரே போய் உட்கார்ந்தேன். பல நாள் மனசுக்குள் எழுதி எழுதித் திருத்திய வாக்கியம் அது. "அக்கா, அவரு உசுரா வெச்சிருந்த வேண்டுதலை ஒடைச்ச பாவி நான். நாலு வாரம் முட்டையக் குடிக்க வெச்சுட்டேன்." இந்த முறை நடிக்கவில்லை.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எங்கீங்க ஒடைச்சீங்க? மூடியத் தொறந்த ஒடனே முட்டக் கவிச்சி அடிச்சுதே, எனக்குத் தெரியாதுங்களா? அவருக்குப் பொட்டுக்கடலை மாவுல ரெண்டு கரண்டிதான் கரைச்சுக் குடுத்தேன். டப்பாவுல இருந்து அவரு சாம்பிள் எடுத்தது எனக்குத் தெரியாது. ரிப்போர்ட்டு வந்தன்னைக்கே அவருகிட்டயும் சொல்லிப்போட்டேன்."

"என்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா சங்கடப்படுவீங்கன்னு அவருதான் வேண்டாம்னுட்டாரு." அக்கா தட்டுகளை அடுக்கி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார். "வீணடிக்க மனசில்லாம உங்க மாவ எல்லாம் தெருமுக்கு நாய்க்குத்தான் கரைச்சு ஊத்துனேன். நல்லாத் தேறிருச்சுங்க தம்பி."