நெய் மணத்த கைக்குட்டை

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் குடியிருந்தோம். நாற்பது வயதிலேயே எனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும், தினமும் காலையில் நடக்கச் சொன்னார் டாக்டர். வீட்டில் என் மனைவி இனிப்பை அடியோடு நிறுத்திவிட்டாள்.

மார்கழி பிறந்தது. மாட வீதிகளைச் சுற்றிவரும் பஜனை கோஷ்டியோடு நானும் வெறுங்காலுடன் நடந்தேன். நடைக்கு நடை, புண்ணியத்துக்குப் புண்ணியம். முடிவில் தொன்னையில் சுடச்சுடச் சர்க்கரைப் பொங்கல் தருவார்கள். பிரசாதத்தை வேண்டாமென்று சொல்லலாமா? இவ்வளவு தூரம் நடந்தோமே என்று இரண்டாவது தொன்னைக்கும் கை நீட்டுவேன். பிறகு கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன்போல் வீடு திரும்புவேன்.

மாதக் கடைசியில், காலில் கல் குத்திய இடம் ஆறாமல் சீழ் பிடித்துவிட்டது.

"இன்னும் நாலு நாள் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும். இனிப்பு சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஆத்துல பொட்டு சர்க்கரைகூட சேர்க்கறதில்லையே டாக்டர்!" என்று மனைவி பதறினாள். நான் தலைகுனிந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கைக்குட்டையை எடுத்து முகர்ந்தாள். "தோய்க்கறச்சே தினம் நெய் வாசனை வந்தது. சன்னிதி விளக்கு நெய்னு நம்பிண்டிருந்தேனே" என்றாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று முதல் செருப்பில்லாமல் நடப்பதில்லை. பொங்கல் கொடுத்தால் ஒரு சிட்டிகை மட்டும் எடுத்துக்கொண்டு, தொன்னையை அடுத்தவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

அவள் போய் மூன்று வருடமாகிறது. இந்த மார்கழியிலும் நடந்துவிட்டு வந்ததும், கைக்குட்டையை நானே ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் துவைக்கப் போடுகிறேன்.