இரண்டு முகவரிக்காரி

இந்த நாட்டில் யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. வந்த புதிதில் எனக்கு அதுவே பெரிய சந்தேகத்தைக் கிளப்பியது. குளிருக்கு ஒரு ஹீட்டர் வாங்கப் போயிருந்தேன். வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். கடைப் பெண் கேட்டது இரண்டே இரண்டு: போஸ்ட்கோடு, கதவு எண். எழுத்தும் எண்ணுமாக ஏழு குறிகளைச் சொன்னேன். அவ்வளவுதான், போகலாம் என்று சிரித்தாள். தெருப் பெயர் வேண்டாமா என்றேன். அது கம்ப்யூட்டரில் தானாக வந்துவிடும் என்றாள். சரிதான், ஹீட்டர் வந்த மாதிரிதான், நன்றாக ஏமாந்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டு வெளியே வந்தேன். மறுநாள் காலையில் ஹீட்டர் வாசலில் நின்றது. அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போதுகூட உள்ளே செங்கல் இருக்குமோ என்றுதான் பார்த்தேன்.

எனக்குச் சந்தேகப் புத்தி. "சாமியே நேர்ல வந்து நின்னாலும் ஆதார் கார்டு எங்கன்னு கேப்பே நீ" என்பான் என் அண்ணன் செந்தில். அவனுக்கு அது கேலி. எனக்கு அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கும், என்னைப் போலப் பெட்டியோடு வந்து இறங்கியவர்களுக்கும் இதில் புதிதாக ஒன்றும் இல்லாமல் போகலாம். இருந்தாலும் சொல்லித்தான் தீர வேண்டும்.

நீடாமங்கலத்திலிருந்து ஏழு கிலோமீட்டரில் எங்கள் ஊர். ஊர் என்று நான் சொல்வதே பாதிப் பொய். எங்கள் பக்கத்தில் ஊர் வேறு, காலனி வேறு. நடுவில் வாய்க்கால். நாங்கள் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். தாத்தா காலம்வரை ஊர்க்காரர்களின் பண்ணையில் ஆள்வேலை செய்த குடும்பம். இன்றைக்கு அண்ணன் மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், சொந்தமாகவும் பத்து மா குத்தகையாகவும் சாகுபடி செய்கிறான். அங்கே ஒருவர் "எந்தத் தெரு?" என்று கேட்டால், தபால் போடுவதற்காகக் கேட்கவில்லை என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.

நான் படித்தது பிளாஸ்மா இயற்பியல். சூரியனுக்குள் நடப்பதுபோல ஹைட்ரஜன் அணுக்களை ஒன்றோடொன்று இணைத்து மின்சாரம் எடுக்க முடியுமா என்கிற ஆராய்ச்சி. அதற்கு டோகமாக் என்று ஓர் இயந்திரம். உள்ளே மெதுவடை வடிவத்தில் ஒரு வெற்றிடம். சூரியனின் நடுப்பகுதியைவிடச் சூடான வாயுவை அதற்குள் காந்தத்தால் கட்டி, அந்தரத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். அண்ணனுக்கு இதைப் போனில் சொன்னபோது, "சுவத்துல பட்டா என்ன ஆவும்?" என்று கேட்டான்.

"சுவரும் கெட்டுடும், பிளாஸ்மாவும் அணைஞ்சிடும்."

"அப்ப தொடக் கூடாது."

"தொடவே கூடாதுண்ணே."

"அடிப்பாவி! அவ்வளவு தூரம் போயும் தீண்டாமைதானா?"

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைச் சீனப் பெண் கதவைத் தட்டி நலமா என்று கேட்டுவிட்டுப் போனாள். என் வேலை அந்த இயந்திரத்தின் அடிப்பகுதியில், மிச்சச் சூடும் கழிவும் வெளியேறுகிற இடத்தில். டைவர்ட்டர் என்று பெயர். அண்ணன் அதை வடிகால் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டான்.

ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரத்தில் மூன்றரை வருடம் இருந்து முனைவர் பட்டம் முடித்தேன். அதே ஊரில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பட்டத்துக்குப் பிந்தைய மூன்று வருட ஆராய்ச்சி வேலை, போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப், ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். ஆராய்ச்சித் திட்டம், நேர்காணல், இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதம் எல்லாம் தாண்டி என் பெயர் வந்துவிட்டது. பாக்கி இருந்தது பாதுகாப்புச் சோதனை ஒன்றுதான். அங்கே ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கையாளுகிறார்கள். அதனால் உள்ளே வருகிறவர்களின் பூர்வோத்தரத்தை அலசிப் பார்ப்பார்கள். மாதக் கடைசிக்குள் சோதனை முடியாவிட்டால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். என் விசாவும் அதோடு முடிகிற கணக்கு. இத்தனை வருடக் கனவை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அந்த மாதம் பத்தாம் தேதி மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி மெயின் ரோடு என்று இருக்கிறது, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் காலனித் தெரு என்று இருக்கிறது, இவை வெவ்வேறு இடங்களா, விளக்கவும். ஊரிலிருந்து புதிய இருப்பிடச் சான்றும் வேண்டும். தெரிந்தே தவறான தகவல் தந்திருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

மெயின் ரோடு பிறந்தது தஞ்சாவூரில், கல்லூரி விடுதியில், முதல் நாள். அறைத்தோழி அவள் அம்மா சுட்டுக் கொடுத்த முறுக்கு டப்பாவைத் திறந்துகொண்டே என் ஊரைக் கேட்டாள். சொன்னேன். "ஓ, எங்க மாமா ஊருக்குப் பக்கம். அங்க எந்தத் தெரு?" என்றாள். டப்பா பாதி திறந்திருந்தது. "மெயின் ரோட்டுலதான்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. முறுக்கு என் கைக்கு வந்தது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் வந்திருக்கலாம். அவள் நல்ல பெண். ஆனால் வந்திருக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, இனிமேலும் தெரியப்போவதில்லை. அதற்குப் பிறகு எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் கை மெயின் ரோடு என்றே எழுதியது. பாஸ்போர்ட் மட்டும் தப்பிவிட்டது, ஏனென்றால் அதற்கு ஆதாரில் உள்ள தெருவைத்தான் எழுத வேண்டும், விசாரிக்கிற போலீஸ்காரர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நிற்பார்.

மின்னஞ்சலைப் படித்தவுடன் என் சந்தேகம் ஒரே ஆள்மேல் போய் உட்கார்ந்தது. ரகு சார். மன்னார்குடிக்காரர். இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த நிலையத்தில் மூத்த விஞ்ஞானி, எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிய இருவரில் ஒருவர். மாணவியாக நிலையத்துக்குப் போய்வர ஆரம்பித்த முதல் நாள் கேன்டீனில் பார்த்தபோது வாயெல்லாம் பல்லாக "எந்த ஊரும்மா நீங்க?" என்றார். நீடாமங்கலம் பக்கம் என்றேன். "பக்கம்னா?" ஊரைச் சொன்னேன். "அட! அங்க எந்தத் தெரு?" இங்கேயுமா என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். மெயின் ரோடு சார் என்றேன். அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மூன்றரை வருடமாகச் சோதனைச்சாலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், முடிவு வரவில்லை. பரிந்துரைக் கடிதம் வேறு ரகசியமானது, எழுதியவருக்கும் தேர்வுக்குழுவுக்கும் மட்டும்தான் தெரியும். என்ன எழுதினாரோ? இந்த இரண்டு தெருவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த வேறு ஆள் இந்த நாட்டிலேயே கிடையாதே! போட்டுக் கொடுத்துவிட்டார் என்றே முடிவுகட்டினேன்.

சண்டை போடுவதென்று அவர் அறைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"வாங்கம்மா, உக்காருங்க. செக்யூரிட்டிலேர்ந்து எனக்கும் போன் வந்துச்சு. ரெண்டு அட்ரஸ் இருக்கே, உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"ரெண்டும் ஒரே இடம்தான், எழுதுறப்ப வந்த பிசகுன்னு சொன்னேன். நீங்களும் அதையே சொல்லிடுங்க. முடிஞ்சு போச்சு."

"ஒரே இடம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும்மா. எங்க சித்தப்பா நிலம் அந்தப் பக்கம்தான். உங்க ஊர் மெயின் ரோட்டுல வீடே கிடையாதே. ரெண்டு பக்கமும் வயல்தானே."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நீங்க மொத நாள் சொன்னப்பவே."

மூன்றரை வருடம்! எத்தனை முறை சேர்ந்து சாப்பிட்டிருப்போம், பொங்கலுக்கு அவர் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்தே பரிமாறினாரா? அதில் தப்பு என்ன? ஒன்றும் இல்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் என் பொய்யை மூடிவைத்த மூடி இத்தனை நாளாக அவர் கையில் இருந்திருக்கிறது என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நன்றி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த நன்றி கசந்தது.

மறுநாள் அண்ணன் போன் செய்தான். இருப்பிடச் சான்றுக்காக வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போய்விட்டு வந்திருந்தான். ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு நடக்கிற நேரம். பின்னால் டிராக்டர் சேறடிக்கிற சத்தம் கேட்டது.

"பாப்பா, இன்னொரு கூத்து கேளு. காலனிங்கற வார்த்தையே ரெக்கார்டுல இருக்கப்படாதுன்னு உத்தரவாம். இனிமே நம்ம தெரு மல்லிகைத் தெருவாம். சான்றுல அப்படித்தான் வரும்னு வி.ஏ.ஓ. சொல்றாரு."

"ஐயையோ! மூணாவதா ஒரு பேரா?"

"மூணாவதா? ரெண்டுதானே ஆவுது?"

வேறு வழியில்லை, மெயின் ரோடு கதையைச் சொன்னேன். கேலி செய்வான் என்று எதிர்பார்த்தேன்.

"நாம எப்ப பாப்பா மெயின் ரோட்டுல இருந்தோம்?" என்றான். "அப்பா கல்லு கல்லா சேத்துக் கட்டுன வீடு காலனித் தெருவுலதான் நிக்குது. நான் இப்பவும் அதுலதான் இருக்கேன்."

செத்துப்போன அப்பா கட்டிய வீட்டை ஒவ்வொரு படிவத்திலும் இல்லையென்று எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

விளக்கம் கேட்டு நேரில் அழைத்திருந்தார்கள். பாதுகாப்பு அதிகாரியின் பெயர் ஹெலன். ஐம்பது வயதிருக்கும், அமைதியான பெண்மணி. அறை தரைத்தளத்தில், மேலே முதல் மாடியில் ரகு சார் அறை. "உங்கள் பரிந்துரையாளர் இது எழுத்துப் பிழை என்கிறார். அப்படியே குறித்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். எழுத்துப் பிழைக்குத் தனியாக ஒரு கட்டம் இருந்தது. ஆமாம் என்றால் இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. தெரிந்தே எழுதினேன் என்றால் மூன்று வருட வேலையும் விசாவும் அங்கேயே போகலாம்.

"இல்லை, தெரிந்தேதான் எழுதினேன்" என்றேன்.

ஹெலன் பேனாவைக் கீழே வைத்தார். "காலனி என்று போட்டிருக்கிறதே, அது எந்த நாட்டின் காலனி?"

"எங்கள் நாட்டினுடையதுதான்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் மரியாதைக்காக மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டார். எங்கள் தேசம் உங்களுக்குச் செய்ததெல்லாம் பெரிய கொடுமை, தனிப்பட்ட முறையில் வருந்துகிறேன் என்றார். எங்கள் ஊர்க்காரர்கள் செய்ததற்கு இந்த அம்மா எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அப்புறம் வாய்க்காலைச் சொன்னேன், பண்ணையைச் சொன்னேன், ஒரு தெருப் பெயரை வைத்தே ஒருத்தியை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய முடியும் என்பதைச் சொன்னேன். இப்போது மல்லிகைத் தெரு ஆகிவிட்டதையும் சொன்னேன். அவர் தட்டச்சு செய்து, திரையைத் திருப்பிக் காட்டினார். விண்ணப்பதாரர் தன் முகவரி குறித்து வெட்கப்பட்டு வேறு முகவரி தந்துள்ளார் என்று இருந்தது. சரியென்றால் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"வெட்கம் என்பதை எடுங்கள்" என்றேன். "வெட்கப்பட வேண்டியவள் நான் கிடையாது. பயம் என்று போடுங்கள்."

ஹெலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரைக் கண்டு பயம்?"

"எந்தத் தெரு என்று கேட்கிறவர்களைக் கண்டு."

"அப்படிப்பட்டவர் யாராவது இந்த நாட்டில் இருக்கிறாரா? இந்தக் கட்டடத்தில்?"

எனக்காகப் பொய் சொன்ன மனிதர் மேலே உட்கார்ந்திருந்தார். அவரை நினைத்தேன், அவர் வீட்டு இலையை நினைத்தேன், அந்தச் சிரிப்பையும் நினைத்தேன். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"தெரியாது" என்றேன்.

"ஆம் அல்லது இல்லை என்று..."

"உண்மையிலேயே எனக்குத் தெரியாது."

ஹெலன் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அனுமதி வந்தது. ரகு சார் படியிறங்கி வந்து, "ரொம்ப சந்தோஷம்மா" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். மனதாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அண்ணனிடம் சொன்னபோது, "என்ன அட்ரஸ் குடுத்த?" என்று கேட்டான். நம்ம அட்ரஸ்தான் என்றேன். "சரி, அடுத்த மாசம் வர்றல்ல? மன்னார்குடி பஸ்ல ஏறினா காலனி ஸ்டாப்புன்னு கேட்டு டிக்கெட் வாங்கு. மல்லிகைத் தெருன்னா கண்டக்டருக்குத் தெரியாது" என்றான். அந்தச் சொல்லைச் சொல்லி நான் வாழ்நாளில் டிக்கெட் வாங்கியதில்லை என்பது அவனுக்குத் தெரியாது. கல்லூரிக் காலம் முழுக்க ஊர் ஸ்டாப்பில் இறங்கி, பஸ் கண்ணுக்கு மறைகிறவரை நின்று, அப்புறம் வாய்க்காலைத் தாண்டி நடந்திருக்கிறேன்.

நேற்று மாலை வேலை முடிந்து இங்கத்திய மாடி பஸ்ஸில் மேலே உட்கார்ந்திருந்தேன். சொல்லித்தான் பார்ப்போமே என்று தோன்றியது. "காலனி ஸ்டாப் ஒண்ணு" என்றேன். குரல் எழும்பவில்லை. இரண்டாம் முறை சத்தமாகவே சொன்னேன். முன்சீட்டு வெள்ளைக்காரக் கிழவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். உடனே திரும்பி, பின்சீட்டுகளில் தமிழ் முகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.