கட்டிங் ஹாலில் வைத்த குவாட் கோர்

2012 ஜூன் 14, வியாழக்கிழமை, காலை 10.40. மேகமூட்டம், மழை இல்லை, மேற்கிலிருந்து பலத்த காற்று. எங்கள் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிள் நின்றுபோயிருந்தது. மார்க்கர் வரவில்லை. துணி வீணாகாதபடி கை, கழுத்து, உடல் துண்டுகளை எப்படி அடுக்கி வெட்டுவது என்று காட்டும் வரைபடம்தான் மார்க்கர். அதைக் கம்ப்யூட்டரில் போடுபவர் மல்லிகா, சாமளாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண். கணக்கும் கொள்முதலும் பார்க்கும் மேனேஜர் நான்.

அந்தக் கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பழையது டூயல் கோர்; கணக்குப் போடும் புராசஸருக்குள் வேலை செய்யும் பகுதி, அதாவது கோர், இரண்டுதான். மார்க்கர் ஓடும்போது ஆர்டர் கொடுத்த பையர் அனுப்பிய டிசைன் ஆர்ட்வொர்க்கைத் திறந்தால் இரண்டுமே நின்றுவிடும்.

"ஒரு சமயத்துல ஒரு வேலைன்னா டூயல் கோரே போதுமுங்க. நாலஞ்சு புரோகிராம், கேம் எல்லாம் ஓடோணும்னா குவாட் கோர் எடுத்துக்கங்க" என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர்.

கேம் நமக்கெதற்கு என்றேன். நாலைந்து புரோகிராமுக்காக வாங்கினேன். பழையது ஆபீஸ் அறையில் இருந்தது. புதியதைக் கட்டிங் டேபிள் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார் முதலாளி. மார்க்கர் உடனுக்குடன் கைக்கு வர வேண்டுமாம்.

முதலில் கால்மணி நேரத்தில் வந்த மார்க்கர் அன்று ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. முதலாளி வந்து திரையைப் பார்த்தார். ஓரத்தில் ஒரு கார் ரேஸ் கேமின் படம்.

"ஏனுங்க மேனேஜர், நாலு கோர் வாங்கிக் குடுத்தா அதுல ரெண்டு கார் ஓட்டுதுங்களா?"

"சாப்பாட்டு நேரத்துல மட்டுந்தானுங்க சார்" என்றார் மல்லிகா.

"அந்த வெளையாட்டுல கெட்டதுதான் கண்ணு இது. கணக்கை முடிச்சுக்கிட்டு ஊட்டுக்குப் போயிரு."

மல்லிகா டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தார். என்னென்ன புரோகிராம் ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை நான் திறந்தேன். கேம் ஓடவேயில்லை. வெப்பம் காட்டும் சாஃப்ட்வேரில் 98 டிகிரி. சூடு தாங்காத புராசஸர் தன் வேகத்தைத் தானே பாதிக்கும் கீழே குறைத்திருந்தது.

"சாயந்திரம் வரைக்கும் பொறுங்க. சுத்தம் பண்ணிட்டு, அந்தக் கேமையும் சேர்த்தே ஓட்டிப் பாக்கலாமுங்க" என்றேன்.

"அப்பவும் நின்னா?"

"நீங்க சொன்னபடியே அந்தப் புள்ளைய அனுப்பிருங்க."

மல்லிகா என்னைப் பார்த்தார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

கம்பெனியில் இருக்கும் கம்ப்ரசரால் ஊதினால் காற்றில் ஈரம் வரும், மதர்போர்டுக்கு ஆகாது. அதனால் கடைவீதிக்குப் போய்ச் தூசி ஊதும் சின்ன ப்ளோயர் ஒன்றும், புராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஒரு ட்யூபும் வாங்கி வந்தேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் மேல் பஞ்சு ஒரே படலமாகப் படிந்திருந்தது. கட்டிங் மாஸ்டர் அதை இரண்டு விரலால் உரித்தெடுத்தார்.

"நல்ல ஃப்ளீஸ் துணியாட்டமில்ல இருக்குது. எத்தனை ஜிஎஸ்எம் வருமுங்க?"

துணியின் கனத்தைக் கேட்ட அந்தக் கேலிக்கு யாரும் சிரிக்கவில்லை. ஊதி, பேஸ்ட் வைத்து, மூடினேன். மார்க்கரை ஓடவிட்டு ஆர்ட்வொர்க்கைத் திறந்தேன். கேமையும் போட்டேன். முதலாளியே கீபோர்டு முன் உட்கார்ந்தார். மூன்று முறை சுவரில் மோதினார்.

"சார், பிரேக் அந்த நீளப் பட்டனுங்க" என்றார் மல்லிகா.

"தெரியுமுங்கறேன்!"

நான்காவது முறை மோதுவதற்குள் மார்க்கர் முடிந்துவிட்டது. பதினாறு நிமிடம். வெப்பம் 64.

முதலாளி எழுந்து நின்றார். "கேமை அழிச்சுப்போட்டு அடுத்த ஸ்டைலுக்கு மார்க்கர் போடு கண்ணு" என்று மட்டும் சொன்னார். மல்லிகா டிபன் பாக்ஸைப் பையிலிருந்து எடுத்து மேசைக்கடியில் வைத்தார். மறுநாள் கம்ப்யூட்டர் பஞ்சு புகாத கண்ணாடி அறை ஒன்றுக்குள் போயிற்று.

புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வேலைக்கு இரண்டு கோர் போதும். பல வேலைக்கும் விளையாட்டுக்கும் நான்கு வேண்டும். ஆனால் பஞ்சு பறக்கிற ஊரில், கம்ப்யூட்டரை எங்கே வைக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ப்ளோயர் செலவைக் கம்பெனியில் வாங்கிக்கொள்ளும்படி முதலாளி சொன்னார். அவசரத்தில் நான் பில் வாங்கவில்லை. பில் இல்லாத வவுச்சர் பாஸ் ஆகாது என்று ஆபீஸ் சுவரில் எழுதி ஒட்டியவனும் நான்தான். என் கையை விட்டுப் போனது 1,340 ரூபாய்.