காதுக்காரரின் உள்ளங்கை

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. ஒயரிங் வேலைக்கு வந்த முப்பது வருஷத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. எல்லாருக்கும் அவர் காதுக்காரர். உளி வைக்கும் முன்னால் விரல் முட்டியால் சுவரைத் தட்டி, காதை ஒட்டி வைத்துக் கேட்பார். உள்ளே பழைய பைப் ஓடினால் சத்தம் பொக்கென்று வரும். அதைக் கேட்டுத்தான் பென்சில் கோடு. அதற்கும் முன்னால் கண்ணை மூடி, "கடவுளே, இதுக்குள்ள இருக்கிறது உனக்குத் தெரியும், எனக்கும் கொஞ்சம் காட்டு" என்று ஒரு வார்த்தை.

கூட வேலை செய்வது அவர் மனைவி. பைப் வளைப்பது, ஒயர் இழுப்பது, கலவை பூசுவது எல்லாம் அந்த அம்மாள் கைதான்.

சில வருஷமாகவே அவருடைய வலது காது அடைத்துக்கொண்டு வந்தது. இடது காதும் அதன் பின்னாலேயே கிளம்பப் பார்த்தது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கேட்காத இடத்தில் சிரித்துச் சமாளிப்பார். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது என்று புலம்ப, இவர் "நல்லது, நல்லது" என்று தலையாட்டி வைத்தார். காதுக்காரருக்கே காது போய்விட்டது என்று தெரிந்தால், எவர் தம் வீட்டுச் சுவரை நம்பிக் கொடுப்பார்?

இப்படிச் சமாளித்துக்கொண்டிருக்கையில்தான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் கூப்பிட்டனுப்பினார். அவர் மனைவி குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஹால் வரை வருவார், அவ்வளவுதான். முன்பெல்லாம் வாரம் தவறாமல் இருவரும் சினிமாவுக்குப் போனவர்கள். "அவளால தியேட்டருக்குப் போக முடியலை. அதான் தியேட்டரையே இங்க கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார் டிரைவர். பெரிய டி.வி., ஐந்து ஸ்பீக்கர், அதிரும் சத்தத்துக்கென்று முக்காலி உயரத்தில் கனத்த பெட்டி ஒன்று. ஒரே நிபந்தனை, தரையில் ஒரு ஒயர்கூடக் கிடக்கக் கூடாது. நடைவண்டிக் காலில் சிக்கினால் இன்னொரு முறை விழ அந்த அம்மாளுக்குத் தெம்பில்லை.

டி.வி.யோடு வந்த ஒயரையே சுவருக்குள் நுழைத்துவிட்டால் என்ன என்று டிரைவர் கேட்டார். காதுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அது வெளியே கிடப்பதற்குச் செய்த ஒயர், உள்ளே சூடானால் யார் பார்ப்பது என்றார். மெயின் போர்டிலிருந்து பைப்புக்குள் தனி லைன் வர வேண்டும், டி.வி.க்குப் பின்னால் சுவரில் குழிவாக ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும், ஸ்பீக்கர் ஒயருக்கு ஒரு சாண் தள்ளி வேறு பைப் வேண்டும் என்று சுவரைக் காட்டி விளக்கினார்.

அப்புறம் தட்டினார், காதை வைத்தார். எங்கே தட்டினாலும் பஞ்சு மூட்டையைத் தட்டியது போலவே இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கோடு போட்டார்.

மெயினை அணைப்பது மனைவி, டெஸ்டர் வைத்துப் பார்ப்பது அவர். அந்த வழக்கம் அன்றும் தவறவில்லை. அதுதான் காப்பாற்றியது. சுத்தியலின் மூன்றாவது அடியில் உளி பழைய பைப்பைப் பிளந்து, படுக்கையறைக்குப் போகும் ஒயரைத் துண்டாக்கியது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு டிரைவர் வந்தார். முன்னால் வேலை செய்தவன் பைப்பைக் கோணலாகப் போட்டுவிட்டான் என்று சொல்லக் காதுக்காரருக்கு நுனிநாக்கு வரை வந்தது. அது பாதி உண்மையும்கூட. விழுங்கிக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதான். எனக்குச் சரியா காது கேட்கலை. ரெண்டு வருஷமா."

கலவைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த காதுக்காரரின் மனைவி நிமிராமலே சொன்னார்.

"ரெண்டு வருஷம் நாலு மாசம். கூரை ஒழுகுதுன்னவர்கிட்ட நல்லதுன்னீங்களே, அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா கேட்கலை?"

"உங்க வாயால வரட்டும்னு கடவுள்கிட்ட சொல்லி வச்சிருந்தேன்."

உள்ளேயிருந்து டிரைவரின் மனைவி குரல் கொடுத்தார். "எனக்கு இடுப்பு, அவருக்குக் காது. நீங்க மட்டும் கண்ணாடி போட்டுக்கிட்டு பஸ் ஓட்டலையா? வேலையை முடிக்கச் சொல்லுங்க."

டிரைவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "சரிண்ணே, அடுத்த கோட்டை எப்படிப் போடுவீங்க?" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார், ஆனால் பதில் வேண்டித்தான் கேட்டார்.

கலவைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு மனைவி எழுந்து வந்து தானே சுவரைத் தட்ட ஆரம்பித்தார். காதுக்காரர் எழுந்திருக்கச் சுவரில் கை ஊன்றினார். ஊன்றிய கை அங்கேயே நின்றது. பழைய பைப் இருந்த பக்கம் அதிர்வு உள்ளங்கையில் மெல்லிசாக நடுங்கியது, கெட்டியான பக்கம் சட்டென்று செத்தது. "இன்னொரு தடவை தட்டு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

காதால் கேட்டு மனைவி ஒரு புள்ளி வைத்தார், உள்ளங்கையால் கண்டு அவர் ஒரு புள்ளி. இரண்டுக்கும் இடையில் ஒரு விரல்கூட இல்லை. டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு, தேநீர் போட அடுப்படிக்குப் போனார்.

முதலில் படுக்கையறைக்குப் புது ஒயரை முழு நீளமாக இழுத்தார்கள். சுவருக்குள் ஒட்டுப்போடுவது அவருக்கு ஆகாது. அப்புறம் பழைய பைப்பைவிட்டு விலகிப் புதுக் கோடு போட்டு வெட்டினார்கள். பூச்சு காய்ந்து, பெயிண்டும் அடித்தாயிற்று. டிரைவரின் மனைவி நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போனார். எதிலும் தட்டவில்லை. வேண்டுமென்றே இன்னொரு முறையும் போய்வந்து உட்கார்ந்தார்.

படம் ஓடியது. எல்லாரும் திரையைப் பார்க்க, காதுக்காரர் அந்தக் கனத்த பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். மனைவி ஏதோ சொன்னார்.

"என்னம்மா? கேட்கலை."

அப்படிக் கேட்டது அவருக்கே புதுசாக இருந்தது. மனைவி இடது பக்கம் வந்து உரக்கச் சொன்னார்: "நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போறோம்னேன்."

"நல்லது, நல்லது" என்றார் அவர், இந்த முறை கேட்டுவிட்டு.