தயிர்ச் சட்டிக்குப் பின்னால் வைத்த ஊசி

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஊரைவிட்டு வடக்கே தலைநகருக்கு வந்து, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கோணி விரித்து அப்பளம் விற்றேன். பிறகு மளிகைக் கடை, முனிர்காவில் இன்னொன்று, மாடி வீடு. ஒருத்தரும் கைதூக்கி விடவில்லை. இத்தனையிலும் பெருமை எது என்று கேட்டால், முதல் கடையில் கிடக்கும் பழைய பிரிட்ஜைத்தான் காட்டுவேன்.

அதன் நடுத்தட்டில், தயிர்ச் சட்டிக்குப் பின்னால், நாலு வருஷம் ஆபீசர் சாரின் ஊசி மருந்து இருந்தது. மத்திய அரசில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற வாடிக்கைக்காரர். மனைவி போய்ச்சேர்ந்துவிட்டார், ஒரே மகன் அமெரிக்காவில். புராஸ்டேட் சுரப்பியில் தொடங்கிய புற்று முதுகெலும்புவரை பரவிவிட்டது. ஆண் ஹார்மோன்தான் அதற்குத் தீனியாம். அதைச் சுரக்கவிடாமல் தடுக்க மாதம் ஒரு ஊசி. வீட்டில் வைத்தால் சமையல்காரி கண்ணில் படும் என்று என்னிடம் கொடுத்தார். "ஒருத்தருக்கும் தெரியப்படாது, அண்ணாச்சி. என் பையனுக்கும்தான்."

மே மாதம் கரண்ட் போனால், மீன்கடைக்காரரிடம் ஐஸ் வாங்கி, மருந்து உறைந்துவிடாமல் துண்டில் சுற்றிப் பிளாஸ்கில் வைப்பேன். ஊசி நாளில் ஆஸ்பத்திரிக்கு அவரோடு நானே கொண்டுபோவேன்.

"மீன் வாடை அடிக்கறதே, அண்ணாச்சி! என் ஆசாரம் போச்சு."

"ஊசி வயித்துலதான போடுதாங்க சார்? வாயிலயா?"

ஒரு ஜனவரிக் காலையில் அவர் வீட்டுக்குப் போனால் ஜன்னல்களெல்லாம் திறந்து கிடக்கின்றன. மனிதர் வியர்த்து வழிகிறார். காய்ச்சல் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தி, பஞ்சு ரஜாயைப் போர்த்தி, சுக்குக் கஷாயம் வேறு போட்டுக் கொடுத்தேன். ரஜாயைத் தள்ளிவிட்டுச் சிரித்தார்.

"ஊசியோட வேலை, அண்ணாச்சி. ஆத்துக்காரிக்கு மாதவிடாய் நின்ன சமயம் இப்படித்தான் வேர்க்கும். ஜன்னலைத் தொறங்கோன்னு கெஞ்சுவா. இந்தக் குளிர்லயா, பைத்தியமான்னு திட்டுவேன்." வெளியே மூடுபனியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பப் புரியறதுடின்னு சொல்ல ஆள் இல்லை."

எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு, நடுங்கிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கடைசியில்தான் மகன் வந்தான். டாக்டர் சொல்லித்தான் அவனுக்கு நோயே தெரிந்தது. அவர் இறந்த பதின்மூன்றாம் நாள் காரியத்தில் எல்லோர் முன்னாலும் டாக்டருக்கு நன்றி சொன்னான். எனக்கும் சொன்னான், அரிசி பருப்பு அனுப்பியதற்கு. யாருக்கும் சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கு இருக்கிறதே, கைகூப்பிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது கடைகளை என் பிள்ளைகள் பார்க்கிறார்கள். இதை எழுதி வைத்தாலும் அவர்களுக்குத் தமிழ் படிக்க வராது. பிரிட்ஜைப் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரனுக்குப் போடச் சொல்கிறார்கள். அதன் நடுத்தட்டில் இன்றும் எதையும் வைக்க விடுவதில்லை நான். ஆபீசர் சார் பெயரை இங்கே எழுதவில்லை, வாக்கு வாக்குதான். ஆனால் நாலு வருஷத்தில் ஒரு ஊசி கெடவில்லை, ஒரு தேதி தவறவில்லை. அது நான் செய்தது. அதை, இதைப் படிக்கிற யாராவது சொல்லுங்கள். என் காது கேட்கும்போதே சொல்லுங்கள்.