மூத்தவனுக்கு ஒரு முகம்

அந்தப் படத்தில் இருப்பவர்கள் இரண்டு பேர். பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணும், அவள் மடியில் ஒன்றரை வயதுக் குப்பனும். இல்லாதவள் குப்பனைப் பெற்ற என் அக்கா பாக்கியம். மச்சானும் இல்லை, விடியும் முன்பே கடலைக் கொல்லைக்குப் போய்விட்டார்.

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் வாத்தியார் ஒருவர் போன வாரம், “சார், மகளைப் படம் எடுக்கணும். எந்தக் கேமரா வாங்கலாம், சொல்லுங்க” என்று கேட்டார். ஊரில் கேமரா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னை நிபுணன் என்று நினைத்துவிட்டார். பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் திறந்தேன். தோல் உறையின் வாசனை முகத்தில் அடித்தது. வெயிலில் காய்ந்த செருப்பும் கற்பூரமும் சேர்ந்தது போன்ற வாசனை. அதை வாங்கிய திருச்சிக் கடையும் அப்படித்தான் மணத்தது.

நயா பைசா வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த காலம். நான் அன்னவாசலுக்குப் பக்கத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். நான் படிக்க வேண்டும் என்பதற்காக அக்கா ஆடு மேய்த்தாள். அந்த அக்கா என்னிடம் கேட்ட ஒரே பொருள் கேமரா. அதுவும் அவளுக்காக இல்லை.

அவளுக்கு முதலில் பிறந்த பையனைப் புதுக்கோட்டை ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்திருந்தார்கள். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து எடுக்கும் பெரிய மரக் கேமரா. “ஆடாம இரும்மா” என்று அக்காவிடம் சொன்னார்கள். அவள் மூச்சுக்கூட விடவில்லை. ஒன்பது மாதப் பிள்ளை ஆடாமல் இருக்குமா? படத்தில் நாற்காலியின் கால் தெரிந்தது, காகிதப் பூ தெரிந்தது, அக்காவின் சேலைக் கரையில் இருந்த கட்டத்தை எண்ணலாம். பிள்ளையின் முகம் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு புகை. அடுத்த சித்திரையில் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. புகை மட்டும் மிஞ்சியது.

அதனால் அடுத்தவன் பிறந்ததும், எங்கள் பக்கத்து வழக்கப்படி, மூன்றாம் நாள் அவனைக் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். சின்னப்பொண்ணு எடுத்துக்கொண்டாள். ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடமிருந்து அக்கா வாங்கிக்கொண்டாள். வேண்டாத பிள்ளை, யாரோ பெற்ற பிள்ளை என்று நினைத்து எமன் ஒதுங்கிப் போவான் என்பது ஏற்பாடு. பெயரும் குப்பன். அக்கா பால் கொடுத்துக்கொண்டே, “அடி சின்னப்பொண்ணு, ஒம் பிள்ளை என்னைக் கடிக்கிறாண்டி” என்று கூவுவாள். “வளத்துக் குடுக்குற கூலிக்கு அதையும் பட்டுக்கடி” என்று வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பதில் வரும். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். ஆனால் ஒருநாளும் அக்கா ‘எம் பிள்ளை’ என்று வாய் தவறிச் சொல்லி நான் கேட்டதில்லை.

“இவனையாச்சும் மொகம் தெரியுற மாதிரி எடுத்துரு தம்பி. நீ படிச்சவன்” என்றாள். இரண்டு கிடாக்களை விற்று என் கையில் கொடுத்தாள்.

திருச்சிக் கடைக்காரர் கைமாறிய பழைய கேமராக்கள் விற்பவர். நாற்பது ரூபாய்ப் பெட்டிக் கேமரா ஒன்றை நான் தூக்கிப் பார்த்தபோது, “யாரை எடுக்கப் போறீங்க?” என்றார்.

“பிள்ளையை.”

“ஒக்காருற பிள்ளையா, ஓடுற பிள்ளையா?”

“ஒன்றரை வயசுங்க.”

“அப்ப அதைக் கீழ வச்சிருங்க. அது கோபுரம் எடுக்கத்தான் ஆகும். கோபுரந்தான் சொன்ன எடத்துல நிக்கும்.”

அவர் எடுத்துக் கொடுத்தது, இழுத்தால் விரியும் தோல் துருத்தி வைத்த ஜெர்மன் மடக்குக் கேமரா. பெட்டிக் கேமரா கண்ணிமைக்கும் நேரத்துக்குத் திறந்து மூடினால், இது அதில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் மூடிவிடும். லென்ஸும் அகலமாகத் திறக்கும். காலை வெளிச்சமே போதும். கூடவே, முன்னால் மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கண்ணாடி. “இதப் போட்டா மொகம் பெருசா விழும். ஆனா லென்ஸுலேருந்து சரியா மூணடி. ஒரு சாண் முன்ன பின்ன போனாலும் கலங்கிரும்.” என் இரண்டு மாதச் சம்பளமும் கிடா விற்ற பணமும் அங்கேயே தீர்ந்தன.

கூட இருந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு நான்கு நாள் படித்தேன். எண் கூடக்கூட லென்ஸின் துவாரம் சிறியதாகும் என்று அக்காவுக்கு விளக்கியபோது, “என்னடா ஒங்க படிப்பு தலைகீழா இருக்கு” என்றாள். பிறகு பயந்துபோய், “வெளிய சொல்லாத, வாத்தியாரு வேலைய எடுத்துருவாங்க” என்றாள்.

ஊர்க் கண் படாமல் எடுக்க வேண்டும் என்று அக்கா சொன்னதால் விடிகாலை. பெற்றவள் பக்கத்தில் நின்றால் எமனுக்குத் தெரிந்துவிடும் என்றதால் பிள்ளை சின்னப்பொண்ணு மடியில். எல்லாவற்றுக்கும் சம்மதித்த அக்காவின் மாமியார், நான் மூன்றடிக் கயிற்றை நீட்டிக் குப்பன் நெற்றியில் வைக்கப் போனதும் பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டார்.

“கயிறு புடிச்சு அளக்குறது யாருக்குன்னு தெரியாது? படிச்சா புத்தி போயிருமா?”

தெரியும். எங்கள் ஊரில் ஆளைக் கயிறு பிடித்து அளப்பது பாடைக்குத்தான். கூசிப்போய்க் கயிற்றைச் சுருட்டினேன். பிறகு என் படிப்பு ஒரு வழி சொன்னது. சின்னப்பொண்ணைத் தன் கையாலேயே கயிற்று நுனியை மூக்கில் வைத்துக்கொள்ளச் சொல்லி அளந்தேன். “எனக்கு வயசாச்சு, போனாலும் போறேன்” என்று அவள் சிரித்தாள். முப்பது வயதுகூட இருக்காது.

சுருளில் இருந்த எட்டுப் படமும் கழுவி வந்தன. சின்னப்பொண்ணின் மூக்குத்திக் கல் வரைக்கும் துல்லியமாக இருந்தது. மடியில் இருந்தவன் அவளைவிட ஒரு முழம் முன்னால் இருந்தான் என்பது என் கணக்கில் வரவில்லை. எட்டிலும் அவன் முகம் கரைந்து போயிருந்தது. அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “இவனும் பொகையாத்தான் வர்றான்” என்றாள். குரலில் கோபமே இல்லை. லென்ஸின் பிழை, கணக்கின் பிழை என்று என்னென்னவோ சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. அன்றைக்கெல்லாம் பிள்ளையை இறக்கிவிடாமல் இடுப்பிலேயே வைத்திருந்தாள்.

அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் இன்னொரு பிலிம் சுருள் வாங்கினேன். வழியைக் கண்டுபிடித்தவள் அக்காதான். சின்னப்பொண்ணு மடியில் ஒரு பித்தளைச் செம்பை, பிள்ளையின் முகம் வரும் உயரத்தில் பிடிக்கச் சொன்னாள். செம்பை அளந்தேன். செம்பை எடுத்த இடத்தில் பிள்ளையை வைத்தார்கள். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “குப்பா, இங்கிட்டுப் பாரு” என்றாள். பார்த்தான். விசையை அழுத்தினேன்.

புதுக்கோட்டையில் பிரதியை வாங்கியபோது பஸ் ஸ்டாண்டு வரை பொறுக்க முடியாமல் தெருவிலேயே உறையைப் பிரித்தேன். ஒவ்வொரு இமை மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. கீழுதட்டில் எச்சில் மின்னியது.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். “மொகத்த மட்டும் பெருசாக்கித் தர முடியுமா?” என்று கேட்டாள். பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது அந்தப் படம் சாமி மாடத்தில் இருந்தது. கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும். அரளிப்பூ வேறு.

“அக்கா, உசுரோட இருக்குற பிள்ளைக்குப் போயி...”

“கத்தாத” என்றாள். “இது மூத்தவன்.”

வாசலில் குப்பன் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அவனுக்கும் இதே நெத்தி, இதே ஒதடு. எனக்குத்தான் மறந்துக்கிட்டே வந்துச்சு. குப்பனுக்கு எதுக்குடா படம்? அவன் மொகந்தான் வாசல்ல ஓடுதே.”

கீழே விழுந்திருந்த அரளிப்பூ ஒன்றை எடுத்துச் சட்டத்தின் மேல் வைத்தேன்.

இப்போது அன்னவாசல் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறார்கள். குப்பைமேட்டில் யாரும் பிள்ளையைக் கிடத்துவதில்லை. சின்னப்பொண்ணு குடும்பத்தோடு பிழைப்புக்குப் போனவள், எங்கே என்று தெரியவில்லை. ஸ்டுடியோவில் மரக் கேமராவை விறகு விலைக்குப் போட்டுவிட்டார்களாம். என் கேமராவின் துருத்தி மடிப்புகளில் வெடித்துவிட்டது, வெளிச்சம் கசிகிறது.

புது வாத்தியாருக்கு நான் சொல்லக்கூடியது விலை மட்டும்தான். கேமரா, முன்கண்ணாடி, இரண்டு சுருள், கழுவிய கூலி, பெரிதாக்கியது, சட்டம், பஸ் எல்லாம் சேர்த்து அக்காவுக்கும் எனக்கும் ஆன செலவு நூற்று எழுபத்தாறு ரூபாய் இருபத்தைந்து நயா பைசா.