முப்பதாவது கிலோமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் போகிற செம்மண் சாலையில், சரியாக முப்பதாவது கிலோமீட்டரில் இருக்கிறது கிபிவோட்டின் வீடு. அவன் நிலம் தேடியபோது மலையில் எத்தனையோ நல்ல இடம் விலைக்கு இருந்தது. சுற்றிச் சுற்றி இங்கே வந்து விழுந்தான். ஏழு வருடம் பயிற்சி லாரி அவனை ஏற்றிக்கொண்ட இடம் இது. கால் பழகிவிட்டது, வேறென்ன!

அவன் பார்த்தது முயல் வேலை. பெரிய மாரத்தான்களில் ஜெயிக்க வேண்டியவனுக்கு முன்னால் ஓடி, எதிர்க்காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, சொன்ன வேகத்தில் முப்பது கிலோமீட்டர் வரை இழுத்துப் போக வேண்டும். பிறகு ஓரமாக ஒதுங்கி நின்றுவிட வேண்டும். மீதிப் பன்னிரண்டை ஜெயிக்கிறவன் ஓடுவான். முயலின் பெயர் மறுநாள் பேப்பரில் வராது.

வராமல் போக வேண்டிய பெயரா அது? பள்ளிக்கூட நாளில், வயிறு முட்ட உகாலிக் களி தின்றுவிட்டு வெறுங்காலோடு வந்து, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்களை விளையாட்டாகத் தாண்டிப் போனவன் அவன். கோச் கொரிர் கையிலிருந்த கடிகாரத்தை உதறி உதறிப் பார்த்தார். "இவனுக்கு ரெண்டு ஜோடி நுரையீரல வெச்சு அனுப்பிட்டாண்டா மேல இருக்கறவன்!" என்றார்.

லிமோவும் அதே வயதுக் கூட்டாளி. விருத்தசேதனம் முடிந்து ஒரே குடிசையில் ஒரு மாதம் அடைந்து கிடந்து, ஒரே நாளில் ஆண்பிள்ளைகளாக வெளியே வந்தவர்கள். எங்கள் மலையில் கூடப்பிறந்தவனை விடவும் அந்த உறவு பெரிது. ஆனால் லிமோவின் ஓட்டம் பார்க்கச் சகிக்காது. கடைசியில் வருவான், வாந்தி எடுப்பான், வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு சுற்று போவான்.

"டேய் லிமோ, பேசாம உருளைக்கிழங்கு நடப் போடா," என்பான் கிபிவோட்.

"நடறேன். இந்த மேட்ட முடிச்சுட்டு வந்து நடறேன்," என்பான் லிமோ. கோபமே வராது அந்தப் பயலுக்கு.

முடித்துத்தான் விட்டான். ஐந்தே வருடத்தில் அவனுக்குப் பெரிய ஊர்களிலிருந்து அழைப்பு வந்தது. முயலாக வா என்று கூட்டாளியைத்தான் கூப்பிட்டான். "ஒரே ஒரு வருஷம். அப்புறம் என் ஓட்டத்த நான் ஓடுவேன்," என்று மனைவி ஜெலகாட்டிடம் சொல்லிவிட்டுப் போனான் கிபிவோட். அந்த ஒரு வருடம் ஏழானது.

அவனைக் கெடுத்தது அந்த வேலையின் சுலபம்தான் என்பேன். முப்பது வரைக்கும் அவனுக்கு மூச்சே வாங்காது. அது பிறப்பிலேயே வந்தது. முப்பதுக்கு மேல் யாருக்கும் பிறப்பிலே வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பதைத் தாண்டி மற்றவர்கள் முகம் கறுத்து, தேவாலய மேட்டை நோக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு போவார்கள். இவன் லாரியில் தாவி ஏறி, பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொள்வான்.

"இறங்குடா," என்பார் கொரிர். "ஒரு வருஷம் இந்த மேட்ட ஓடு. அப்புறம் லிமோ உன் முதுகத்தான் பார்க்கணும்."

"முயலுக்கு எதுக்கு கோச் மேடு?"

லாரியே சிரிக்கும். ஐந்தாம் வருடம் ஒரு ஞாயிறு மட்டும் ரோஷம் வந்து மேடேறினான். முப்பத்து மூன்றில் கையை மண்ணில் ஊன்றிவிட்டான். பின்னால் வந்த சின்னப் பயல்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் மறுபடி லாரி, மறுபடி டீ.

ஏழாம் வருடம், குளிர்ந்த ஒரு வெளிநாட்டு நகரத்தில் அது நடந்தது. இருபத்தேழாவது கிலோமீட்டரில் லிமோ தொடையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டான். கிபிவோட் திரும்பிப் பார்த்தான். அடுத்த ஆள் ஒன்றரை நிமிடம் பின்னால். முயல் ஓடி முடிக்கக் கூடாது என்று சட்டமில்லை. முடிவுக் கோட்டை முதலில் தொட்டால் அவன்தான் ஜெயித்தவன்.

தடுப்புக்கு அப்பாலிருந்து கொரிர் தொண்டை கிழியக் கத்தினார். "போடா! இது உன் ஓட்டம்டா! விட்டுடாத!"

போவது என்று முடிவே செய்துவிட்டான். கண்ணில் நீர் வந்தது. ஜெலகாட்டிடம் சொல்லப் போகும் முதல் வார்த்தையைக்கூட யோசித்தான். முப்பதாவது பலகை வந்தது. கால் தானாக இடப்பக்கம் ஒதுங்கியது. கை தானாகக் கடிகாரத்தை நிறுத்தியது. யாரோ ஒரு அம்மாள் ஓடி வந்து தோளில் போர்வை போர்த்தினாள். இவன் நன்றி வேறு சொன்னான்.

அதுவரை நடந்தது பழக்கம், மன்னித்துவிடலாம். பின்னால் வருகிறவன் வந்து சேர முழுசாக ஒன்றரை நிமிடம் இருந்தது. போர்வையை உதறியிருக்கலாம். அவன் கண்முன்னே மேடு வந்து நின்றது, மண்ணில் ஊன்றிய தன் கை வந்து நின்றது. நின்றே இருந்தான். அடுத்தவன் கடந்து போனான், போய் ஜெயித்தான்.

எல்லோரிடமும் கால் பிடித்துக்கொண்டது என்றான். வீட்டுக்கு வந்ததும் ஜெலகாட் வெந்நீரும் ஆட்டுக்கொழுப்புமாக உட்கார்ந்தாள்.

"எந்தக் கால்?"

"இடது."

அவள் ஓட்டக்காரன் மகள், ஓட்டக்காரர்களின் தங்கை. பிடித்துக்கொண்ட ஆடுசதை நாலு நாளைக்கு விறகுக்கட்டை போல இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது பிசைந்த மாவு போல இருந்தது. ஆனாலும் ஒரு வாரம் தேய்த்தாள்.

பத்து வருடம் போய்விட்டது. இப்போது ஜெலகாட் வீட்டு வாசலில் டீக்கடை போட்டிருக்கிறாள். ஓடுகிறவர்கள் கடந்து போகும்போது யாராவது, "முயலண்ணே, வரீங்களா மேட்டுக்கு?" என்று கூவுவார்கள். கிபிவோட் சிரித்து வைப்பான். மேட்டுக்கு மேலே தேவாலயத்துக்குப் போவதென்றால் அவனுக்கு மோட்டார் சைக்கிள்தான்.

போன மாதம் லிமோ வந்தான். தொப்பை போட்டிருந்தான். புளித்த பாலைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுரைக்குடுக்கையையே உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு சொல்லணும்டா. பத்து வருஷமா வயித்துல கெடக்கு."

"சொல்லித் தொலையேன்."

"அன்னிக்கு எனக்குத் தொடை பிடிக்கல." லிமோ நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஏழு வருஷம் எனக்காகக் காத்த வாங்கினே. அந்த ஊர்ல நான் ரெண்டு தடவ ஜெயிச்சாச்சு. நீ ஒரு தடவயாவது கோட்டத் தொடணும்னுதான் ஒதுங்கினேன். நீ போறதப் பார்த்து ரோட்டோரமா நின்னு அழுதேன்டா. அப்புறம் பார்த்தா உனக்குக் கால் பிடிச்சுக்கிச்சாம். நம்ம ரெண்டு பேர் தலையெழுத்தப் பாரு!"

கிபிவோட் சுரைக்குடுக்கையை அவன் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தான்.

"ஆமா, எந்தக் கால்டா அது?"

"வலது," என்றான் கிபிவோட்.

கதவருகே கெட்டிலோடு நின்றிருந்தாள் ஜெலகாட்.

"இடதுண்ணே," என்றாள். "நான்தானே ஒரு வாரம் தேய்ச்சேன். இவருக்கு எல்லாம் மறந்து போச்சு."

லிமோவின் கோப்பையை நிரப்பிவிட்டு, புருஷன் பக்கம் திரும்பாமல் கடைக்குப் போனாள். கிபிவோட் குனிந்து தன் இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.